சொட்ட வேண்டிய பம்ப்

எங்கள் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது என் நாற்காலி போனது. டைம் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தேன். ஆள் வந்தது, வராதது, ஓவர்டைம், லீவு எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துச் சரிபார்க்கிற வேலை. கூட்டலில் என்னை அசைக்க அந்த ஆபீசில் ஆள் கிடையாது என்று எனக்கு ஒரு திமிர் உண்டு. மெஷின் வந்த பிறகு அந்தத் திமிரை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதைதான். யாரையும் வேலையை விட்டு அனுப்ப மாட்டோம் என்று கம்பெனி சங்கத்துக்கு வாக்குக் கொடுத்திருந்தது. வாக்குத் தவறவில்லை, அனுப்பவில்லை. கீழே இறக்கினார்கள். புதுக் கட்டடத்தின் மாடியில் கம்ப்யூட்டர். அதற்கு நேர் கீழே பம்ப் அறை. அந்தப் பம்ப் அறையில் நான்.

திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் நடுவில், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்த ஆலை அது. வண்டிகளுக்கான பாகங்கள் செய்தோம். எழுபதுகளின் தொடக்கத்தில் கம்ப்யூட்டர் என்றால் மேசை மேல் வைக்கிற சாமான் இல்லை. ஒரு கல்யாண மண்டபத்தையே அடைத்துக்கொள்ளும். பீரோ பீரோவாக நிற்கும், ஓயாமல் சூடாகும். அது சூடாகக் கூடாது என்று அறை முழுக்க ஏ.சி. போட்டிருந்தார்கள். அந்த ஏ.சி. பிளான்ட் சூடாகக் கூடாது என்று அதற்குள் தண்ணீர் ஓடும். ஓடிச் சூடான தண்ணீர் கட்டடத்துக்குப் பின்னால் இருந்த மரச்சட்ட டவரின் உச்சியிலிருந்து மழைபோல விழுந்து ஆறி, கீழே தொட்டியில் சேரும். தொட்டித் தண்ணீரை மறுபடி உள்ளே தள்ள ஒரு பம்ப். பம்பைப் பார்த்துக்கொள்ள நான். மாடியில் கம்ப்யூட்டருக்குக் கணக்கு ஏற்றுகிற அட்டைகளில் ஓட்டை போடும், கார்டு துளைக்கிற பெண்கள் சித்திரை வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கீழே நான் பனியனைப் பிழிந்து காயப்போடுவேன்.

இதில் பெரிய வேடிக்கை, அந்த மெஷின் லாரியில் வந்து இறங்கிய அன்று கேட்டில் நின்று, வேலை தின்னும் பிசாசே திரும்பிப் போ என்று தொண்டை கிழியக் கத்தியவர்களில் நானும் ஒருவன். முன் வரிசையில் நின்றவன். கத்தினவனையே அதற்கு விசிறி வீச வைத்த புத்திசாலி யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்தப் போராட்டம் அடங்கியதும் கம்பெனி ஒரு அறிவிப்பு ஒட்டியது. கம்ப்யூட்டர் கட்டடத்தில் வேலை பார்ப்பவர்கள் கை வைத்து அதனால் மெஷின் நின்றுபோனால், அது நாசவேலை. நாசவேலைக்கு விசாரணை, பிறகு டிஸ்மிஸ். இரண்டு முறை படித்தேன். பம்ப் என்றால் ஒரு நாள் பழுதாகத்தான் செய்யும். ஆனால் அது தானாகப் பழுதானது என்று முன் வரிசையில் நின்று கத்தினவன் சொன்னால் யார் நம்புவார்கள்? வேலை போனால் வேறு வேலை தேடலாம். நாசக்காரன் என்று பெயர் வாங்கியவன் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் எந்தக் கேட்டுக்குள்ளும் நுழைய முடியாது. வீட்டில் மனைவி, மூன்று பிள்ளைகள். என்னை விட்டால் அவர்களுக்கு வேறு நாதி இல்லை. கோயிலுக்குப் போனால் மாதாவிடம் மற்றவர்கள் பிள்ளைவரம் கேட்பார்கள், படிப்புக் கேட்பார்கள். நான் அந்தப் பம்ப் நிற்காமல் ஓட வேண்டுமென்று வேண்டிக்கொண்டேன். என்னை நினைத்து எனக்கே எரிச்சலாக வந்தது.

காலை ஷிப்ட் நான். மதியத்துக்கு மேல் வியாசர்பாடிக்காரர் ஒருவர் வருவார். அதுவரை குடோனில் மூட்டை தூக்கியவர். குடலிறக்கம் வந்து ஆபரேஷன் ஆன பிறகு, லேசான வேலை என்று இங்கே போட்டிருந்தார்கள். ஐம்பதை நெருங்கும் வயது, அதிர்ந்து பேசாத ஆள். டிபன் பாக்ஸைத் திறந்ததும் பாதியை எனக்கு வைத்துவிட்டுத்தான் சாப்பிடுவார். என்னைவிடப் பெரியவர், ஆனாலும் என்னை மாமு என்றுதான் கூப்பிடுவார். நானும் அவரை மாமு என்றே கூப்பிட்டேன். எங்களுக்குள் ஒரே ஒரு சண்டைதான். ஆனால் அது தினமும் நடந்தது.

அதைச் சொல்ல வேண்டுமானால் பம்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். மோட்டார் சுற்றுகிற தண்டு பம்புக்குள் நுழைகிற இடத்தில் ஒரு சந்து இருக்கும். சும்மா விட்டால் அது வழியாகத் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும். அதனால் கிரீஸ் ஊறிய கயிற்றை வளையம் வளையமாகச் சுற்றித் திணித்து, மேலே இரண்டு நட்டுப் போட்டு அழுத்தியிருப்பார்கள். கிளாண்டு என்று பெயர். அதை ஒரேயடியாக அழுத்திவிடவும் கூடாது. தண்ணீர் அந்தக் கயிற்றில் கசிந்து சொட்டுச் சொட்டாக வெளியே விழுந்துகொண்டே இருக்க வேண்டும். அந்தச் சொட்டுதான் கயிற்றுக்கும் தண்டுக்கும் உயிர். சொட்டு நின்றால் கயிறு கருகும், தண்டு தேயும், பம்ப் போய்விடும். பம்ப் விற்ற கம்பெனியிலிருந்து வந்து மாட்டிவிட்டுப் போனவன் எங்கள் இருவரையும் நிற்க வைத்து இதை மூன்று தடவை சொன்னான். இருவரும் தலையாட்டினோம்.

வியாசர்பாடிக்காரர் தலையைத்தான் ஆட்டினார். அவருடைய கைக்கு அது ஏறவே இல்லை. அந்த வருஷம் மழை பொய்த்து, பட்டணம் முழுக்கத் தண்ணீருக்கு அலைந்தது. ராயபுரத்தில் என் மனைவி லாரி வருகிற சத்தம் கேட்டால் அடுப்பில் இருக்கிற உலையை அப்படியே விட்டுவிட்டு ஓடுவாள். எங்கள் பகுதியே பரவாயில்லை, அவர்கள் பக்கம் அதைவிட மோசம். அப்படிப்பட்ட ஊரிலிருந்து வந்த மனிதருடைய கண்ணெதிரே ஷிப்ட் முழுக்கத் தண்ணீர் சொட்டிச் சொட்டிச் சாக்கடைக்குப் போகிறது. முதலில் அடியில் ஒரு தகர டப்பா வைத்தார். தகரம் நிறைந்ததும் டவர் தொட்டியில் கொண்டுபோய்க் கொட்டினார். நிறைய நிறையக் கொட்டினார். பிறகு அதுவும் பொறுக்காமல் ஸ்பேனரை எடுத்து நட்டை ஒரு திருகு திருகிவிடுவார். சொட்டு நின்றுவிடும். அவருக்கு நிம்மதி.

காலையில் வந்ததும் என் முதல் வேலை அதைத் தளர்த்துவது. மதியம் அவர் வரும்போது கத்துவேன். மெதுவாகவும் சொல்லிப் பார்த்தேன், திட்டியும் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் அவர் குற்றம் செய்தவர் மாதிரி தலை குனிந்து நிற்பார்.

"தெரியுது மாமு. இறுக்கக் கூடாதுன்னுதான் குந்திகினு கீறேன். பார்த்துகினே இருக்க முடியல. தாயப் பயிச்சாலும் தண்ணியப் பயிக்கக் கூடாதும்பாங்க. இது தெனம் பயிக்கிற பாவம்."

உண்மையைச் சொன்னால் எனக்கே அந்தச் சொட்டைப் பார்க்கையில் கை பரபரக்கும். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், அவ்வளவுதான் வித்தியாசம். மேலே போய்ச் சொல்லலாமே என்று கேட்பீர்கள். ஒரே மெஷினை மாற்றி மாற்றிப் பார்க்கிற இரண்டு பேரில் ஒருத்தன் மற்றவனைப் போட்டுக் கொடுப்பது எங்கள் பக்கத்து ஆலைகளில் நடக்காத காரியம். அப்படிச் செய்தவன் பெண்டாட்டி பிள்ளைகளோடு தெருவில் நடக்க முடியாது.

இன்னொரு பம்பும் இருந்தது. ஒன்று பழுதானால் ஓட்டுவதற்கென்று பக்கத்திலேயே மாட்டிய ஜோடிப் பம்ப். அதன் மோட்டார் பங்குனியிலேயே ஆலையின் பாய்லர் வீட்டுக்குப் போய்விட்டது. ஒரு வாரத்தில் திருப்பித் தருவதாகச் சொல்லித்தான் கழற்றிக்கொண்டு போனார்கள். கேட்கப் போகும்போதெல்லாம் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்கள். மோட்டார் வரவே இல்லை. மேலே மெஷின் மேனேஜரிடம் இரண்டு முறை சொன்னேன். ஆகட்டும், பார்க்கலாம் என்றார். பம்ப் அறையில் கழுத்து வெட்டின ஆடு மாதிரி அந்த ஜோடிப் பம்ப் கிடந்தது.

கத்திரி வெயில் தொடங்கியிருந்த சமயம். அன்று காலை பம்பைப் போட்டதும் வழக்கம்போலக் கிளாண்டைப் பார்த்தேன். கீழே தகரம் காய்ந்து கிடந்தது. நட்டைத் தளர்த்தினேன். சொட்டு வர வேண்டிய இடத்தில் தண்ணீர் ஊசி ஊசியாகப் பீய்ச்சியடித்து என் முகத்தை நனைத்தது. கூடவே கருப்புப் பொடி பொடியாக ஏதோ வந்தது. விரலில் தேய்த்துப் பார்த்தேன். கயிறு. முந்தின நாள் மாலை முழுக்கச் சொட்டே இல்லாமல் ஓடிக் கருகியிருக்கிறது. பதறிப்போய் நட்டை மறுபடி இறுக்கினேன். தண்டிலிருந்து புகை வந்தது. தளர்த்தினால் பீய்ச்சுகிறது, இறுக்கினால் புகைகிறது. பீய்ச்ச விட்டால் தொட்டி வற்றிவிடும். தண்ணீர் லாரி எப்போது வரும் என்று ஆண்டவனுக்கே தெரியாது. புகைய விட்டால் தண்டு கடித்துக்கொண்டு நின்றுவிடும்.

மெயின்டனன்ஸ் ஷாப்புக்கு ஓடினேன். அங்கிருந்த பிட்டர்கள் எல்லாரும் என் சங்கத்துக்காரர்கள், கேட்டில் என்னோடு தோளோடு தோள் நின்றவர்கள். மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். கையில் இருந்த வேலையை ஒருத்தரும் கீழே வைக்கவில்லை. ஒருவர் மட்டும் சிரித்துக்கொண்டே என் தோளில் தட்டினார்.

"அந்தக் கட்டடத்து வேலைய யாரும் தொடக் கூடாதுன்னு சங்கத்துல முடிவு பண்ணினது ஒனக்குத் தெரியாதா? நீ ஒண்ணும் தெரியாத மாதிரி குந்திகினு இரு. அது தானா சாவட்டும்."

பாவம் பார்க்கச் சொல்லிக் கெஞ்சினேன். அவர்களுக்கு அது பம்பின் மேல் இரக்கம் காட்டச் சொல்வதாகப் பட்டது. என் மேல் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அங்கிருந்து மாடிக்கு ஓடினேன். நனைந்த சட்டையோடு உள்ளே போனதும் குளிரில் பல் கிட்டியது. அச்சடிக்கிற மெஷின் தடதடவென்று தாள் தள்ளிக்கொண்டிருந்தது. மேனேஜர் அதன் பக்கத்தில் நின்றிருந்தார். அரை நாள் மெஷினை நிறுத்தினால் கிளாண்டுக்குப் புதுக் கயிறு போட்டுவிடலாம், நானே போடுகிறேன், இப்போது நிறுத்தாவிட்டால் பம்ப் தானாக நின்றுவிடும் என்றேன். சரக்குக் கணக்கு முழுவதும் அன்று மாலைக்குள் தலைமை ஆபீசுக்குப் போயாக வேண்டுமாம். முடியாது என்றார். ஜோடிப் பம்பைப் போடு என்றார். மோட்டார் இல்லாததை ஞாபகப்படுத்தினேன். அவர் முகம் கறுத்தது.

"நான் நிறுத்த மாட்டேன். அது நின்னா யாரால நின்னதுன்னு எனக்குத் தெரியும்" என்றார்.

சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார். கையில் ஸ்பேனர் இருந்தது. அதை எடுத்துக்கொண்டே ஓடி வந்திருக்கிறேன், எனக்கு நினைவே இல்லை. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். மத்தளத்துக்காவது சத்தம் போட முடியும்.

அப்புறம் அந்தக் காலைப்பொழுது எப்படிப் போனது என்று கோர்வையாகச் சொல்ல வராது. சாக்கை நனைத்து பம்பின் மேல் போர்த்தினேன். அது ஆவி விட்டுக் காய்ந்தது, மறுபடி நனைத்தேன். தண்டின் மேல் தகரத்தால் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினேன். கிரீஸ் டப்பாவைக் காலி பண்ணினேன். என் துண்டைக் கிழித்து, முறுக்கி, கிரீஸில் புரட்டி, ஓடுகிற பம்பின் சந்துக்குள் ஸ்க்ரூ டிரைவரால் திணிக்கப் பார்த்தேன். சுற்றுகிற தண்டு அதை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு என் விரல்களையும் சேர்த்து இழுத்தது. எப்படியோ உருவிக்கொண்டேன். இரண்டு விரலில் தோல் உரிந்து எரிந்தது. அழுகை வந்தது. யாருமில்லாத அறையில் வளர்ந்த ஆம்பிளை வாய்விட்டு அழுதேன். அருள்நிறைந்த மரியே சொன்னேன். பாதியில் மறந்துபோய் முதலிலிருந்து தொடங்கினேன். எந்தப் பிசாசைத் திரும்பிப் போ என்று கத்தினேனோ அதனிடமே, இன்று ஒரு நாள் இரு, சாகாதே, என்று கெஞ்சினேன். அதற்குக் காது இருந்தால் சிரித்திருக்கும்.

மதியச் சாப்பாட்டு மணி அடித்துக் கொஞ்ச நேரத்தில் பம்ப் ஓலமிட ஆரம்பித்தது. ஓலம் ஏறிக்கொண்டே போய்த் தொண்டை அடைத்த மாதிரி நின்றது. மோட்டார் உறுமியது. ஸ்விட்ச் தானாக விழுந்தது. டவரில் விழுந்துகொண்டிருந்த தண்ணீர் மெல்லக் குறைந்து நின்றது. அந்த அறையில் நான் சேர்ந்த நாளிலிருந்து பகலில் அப்படியொரு அமைதியைக் கேட்டதில்லை. கொஞ்ச நேரம் கழித்து மேலே ஏ.சி. நின்றது. பிறகு சூடு ஏறிவிட்டதென்று அபாய மணி அடித்தது. பிறகு கம்ப்யூட்டரும் நின்றது. ஸ்வெட்டரைக் கழற்றிக் கையில் பிடித்தபடி பெண்கள் படியிறங்கி வெயிலுக்கு வந்தார்கள்.

மேனேஜர் வந்து வாசலில் நின்று பம்பைப் பார்த்தார், நட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஸ்பேனரைக் கீழே வைக்கச் சொன்னார். வைத்தேன். செக்யூரிட்டி அதிகாரி வந்து நின்றுகொண்டார். ஷிப்ட் முடிந்ததும் போகலாம், மறுநாள் ஆபீசுக்கு வர வேண்டும் என்றார்கள். நான் வாயைத் திறந்தேன். எதிலிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. இறுக்கியது நானில்லை என்றால் அடுத்த கேள்வி, யார் என்பது. அதனால் திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

அதற்குள் செய்தி பரவிவிட்டது. பாகங்கள் கடைகிற மெஷின் ஷாப்பில் விசில் அடித்தார்கள். தகரத்தைத் தட்டினார்கள். கம்ப்யூட்டர் செத்துப்போச்சு என்று யாரோ பாட்டாகவே பாடினார்கள். ஒவ்வொரு தட்டும் என் பிடரியில் விழுந்தது.

ஷிப்ட் மாறும் நேரத்தில் கேட்டுக்குப் போனபோது வெளியேறுகிறவர்களும் உள்ளே வருகிறவர்களும் கலந்து பெருங்கூட்டம். சங்கச் செயலாளர் நடுவில் நின்றிருந்தார். கையில் மாலை. எதிர் டீக்கடை சாமி படத்துக்கு அன்று காலை போட்ட மாலையாக இருக்கும், ஒரு பக்கம் வாடியிருந்தது. நான் பின்வாங்குவதற்குள் என் கழுத்தில் விழுந்துவிட்டது. தோழரே என்றார். கட்டிப் பிடித்தார். நிமிர்ந்து பார்த்தேன். ஆபீஸ் மாடி வராந்தாவில் மேனேஜரும் செக்யூரிட்டி அதிகாரியும் கைப்பிடியைப் பிடித்தபடி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த மாலையை என் கழுத்தில் விழுந்த பாம்பாகத்தான் உணர்ந்தேன். இனி எந்த விசாரணையும் தேவையில்லை, இந்த ஒரு காட்சி போதும்.

மாலையைப் பிய்த்து எடுத்தேன். உரிந்த விரல்களைத் தூக்கிக் காட்டினேன்.

"நான் நிறுத்தல. காலையிலேருந்து அதக் காப்பாத்தத்தான் போராடினேன். இந்தக் கையப் பாருங்க" என்று கத்தினேன்.

வராந்தாவுக்குக் கேட்க வேண்டுமென்றுதான் அவ்வளவு சத்தமாகக் கத்தினேன். கேட்டிருக்கும். ஆனால் கூட்டத்துக்கும் கேட்டது. விசில் நின்றது. என் தோளில் கிடந்த கைகள் ஒவ்வொன்றாக விலகின. காப்பாத்தினியா என்று ஒருவர் கேட்டார். கருங்காலி என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. என் சொந்த வாயால் கத்தி, முதலாளி பக்கத்து ஆளென்று பட்டம் வாங்கிக்கொண்டேன். அப்படியானால் யார்தான் நிறுத்தியது என்று செயலாளர் கேட்டார்.

மதிய ஷிப்டுக்கு வந்த வியாசர்பாடிக்காரர் அப்போதுதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கையில் டிபன் பாக்ஸ். பம்ப் எரிந்துபோன சேதி கேட்டில் காதில் விழுந்திருக்கிறது. முகம் வெளிறிக் கிடந்தது. என் விரல்களைப் பார்த்தவர் கண் கலங்கிவிட்டார்.

"அவுர ஒண்ணும் சொல்லாதீங்க. நான்தான் இறுக்கனேன். தண்ணி சொட்டிகினே இருந்துச்சி, மனசு கேக்கல" என்றார்.

முதல் பாதிதான் கூட்டத்துக்குக் கேட்டது. மீதியை ஆரவாரம் விழுங்கிவிட்டது. என் கையிலிருந்த மாலையை யாரோ பிடுங்கி அவர் கழுத்தில் போட்டார்கள். தூக்கினார்கள். ஆபரேஷன் ஆன வயிற்றைக் கையால் பிடித்துக்கொண்டு, எறக்குங்கடா, எறக்குங்கடா என்று அவர் மேலிருந்து கெஞ்சினார். தண்ணி சொட்டிச்சேன்னுதான் இறுக்கினாரு என்று நான் நாலு பக்கமும் கத்தினேன். கருங்காலி பேச்சை யார் கேட்பார்கள்? அவரைச் சுமந்துகொண்டு கேட்டை ஒரு சுற்றுச் சுற்றினார்கள். இரண்டாவது சுற்றில் அவர் சிரித்துவிட்டார். வாழ்நாளெல்லாம் மூட்டை தூக்கிய மனிதர். அவரை யாரும் அதற்கு முன் தூக்கியிருக்க மாட்டார்கள்.

அன்றே அவரைச் சஸ்பெண்ட் செய்தார்கள். மாலையில் நடந்த கூட்டத்தில் செயலாளர் மைக் பிடித்து, வேலை தின்னும் மெஷினை ஒற்றைக் கையால் நிறுத்திய தோழர் என்று முழங்கினார். கம்பெனி அந்தப் பேச்சையே விசாரணையில் சாட்சியாக வைத்தது. அதற்குப் பிறகு செயலாளர் பேச்சை மாற்றினார். பம்ப் மட்டமானது, ஜோடிப் பம்புக்கு மோட்டார் இல்லை என்றெல்லாம் சொல்லிப் பார்த்தார். அதெல்லாம் இருக்கட்டும், உங்கள் ஆள் இறுக்கினாரா இல்லையா என்று கேட்டார்கள். இறுக்கினேன் என்றார் வியாசர்பாடிக்காரர்.

அவருக்காகச் சாட்சி சொல்ல நானே கேட்டுப் போனேன். அவர் தண்ணீர் வீணாகிறதே என்றுதான் இறுக்குவார், தினமும் இறுக்குவார், தினமும் நான் தளர்த்துவேன், அதில் சூது ஒன்றும் கிடையாது என்றேன். விசாரணை அதிகாரி வெளியிலிருந்து வந்த வக்கீல். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சொட்டுத் தண்ணிக்காக ஒருத்தன் பம்பை எரிப்பானாய்யா? நம்புற மாதிரி வேற ஏதாவது சொல்லு" என்றார்.

ஆமாம், எரிப்பான் என்று எப்படிப் புரியவைப்பது? குடிக்கக் கொண்டுவந்த டம்ளரில் ஒரு வாய் குடித்துவிட்டு மீதியை ஜன்னல் வழியாகச் செடிக்கு வீசினார் வக்கீல். வியாசர்பாடிக்காரரின் தலை அந்தத் தண்ணீர் போன பக்கமே திரும்பியது. அதைப் பார்த்தீர்களா, அதுதான் காரணம் என்று கத்தத் தோன்றியது. கத்தியிருந்தாலும் பிரயோஜனமில்லை. எங்கள் செயலாளரே என்னை ஓரமாகக் கூப்பிட்டு, இந்தத் தண்ணீர்க் கதையை விடச் சொன்னார். அவரும் நம்பவில்லை. அவருக்கு வீரன் வேண்டும், கம்பெனிக்கு நாசக்காரன் வேண்டும். சொட்டுத் தண்ணீருக்கு மனம் கேட்காத ஒரு ஆள் யாருக்கும் வேண்டியதில்லை.

அவர் டிஸ்மிஸ் ஆனார். புதுப் பம்ப் வந்தது, பாய்லர் வீட்டிலிருந்து மோட்டாரும் ஒரே நாளில் திரும்பி வந்தது. கேட்டில் நான் கத்தியது வராந்தாவுக்குக் கேட்டிருந்ததால் என் வேலை நிலைத்தது. அந்த வேலையில் பிறகு ரொம்ப வருஷம் இருந்தேன். டீக்கடையில் நான் உட்கார்ந்தால் பெஞ்சு காலியாகும்.

அவரைப் பார்க்க வியாசர்பாடிக்குப் போனேன். போகத் தைரியம் வர ஒரு மாதம் ஆனது. அவர் வீட்டில் இல்லை. பெரம்பூர் பக்கம் ஏதோ மரக்கடையில் கூலிக்குப் போயிருப்பதாகவும், கட்டை தூக்கித் தூக்கி வயிற்று வலி திரும்ப வந்திருப்பதாகவும் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். எந்த ஆலையிலும் சேர்க்கவில்லையாம். அவர் மனைவி குழாயடியில் இருந்தார். அங்கே போனேன். நாலு கட்டடத்துக்கு ஒரு குழாய். தண்ணீர் இன்னும் விடவில்லை. ஒரு சொட்டும் கசியாதபடி குழாயின் வாயில் சைக்கிள் டியூப்பைச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தார்கள். பெண்கள் குடங்களோடு காத்திருந்தார்கள்.

நான் யாரென்று சொன்னதும் அந்த அம்மாள் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. சுற்றி இருந்தவர்கள்தான் விடவில்லை. பெரிய மெஷினை உடைத்துவிட்டார் என்று ஊரெல்லாம் சொல்கிறதே, அந்த மனுஷன் ஒரு எறும்பைக்கூட மிதிக்காதவராயிற்றே, அப்படி என்னதான் செய்தார் என்று கேட்டார்கள். முழுவதும் சொன்னேன். பம்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது, அவர் நட்டை இறுக்கினார், என்று சொல்லி முடித்தேன். அவர்கள் இன்னும் ஏதோ வரப்போகிறது என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அவ்ளோதானா? சொட்டுனா இறுக்காம வேற இன்னா பண்ணுவாங்க?" என்றாள் ஒருத்தி.

மற்றவர்களும் ஆமாம் என்றார்கள். விசாரணையில் எனக்கு ஒரு சாட்சிகூடக் கிடைக்கவில்லை. இங்கே வரிசை முழுக்கக் குடத்தோடு நின்றுகொண்டிருந்தார்கள்.